பத்தே முக்கால் மணிப் பங்கு

தேன்மொழி நகர் ஐந்தாம் தெருவில் முதன்முதலாக இரட்டித்தது ஒரு திருஷ்டிப் பூசணிக்காய். அமாவாசையன்று யார் வீட்டுக்கோ சுற்றி, வயிற்றைக் கீறிக் குங்குமத்தை அடைத்து, தெருமுனைக் காலிமனையில் போட்டு உடைத்திருந்தார்கள். அது ஒரு நாள் வெயிலில் கொழகொழத்து, ஈ மொய்த்து, புழு நெளியக் கிடந்தது. வியாழக்கிழமை காலை பத்தே முக்கால் மணிக்குப் பார்த்தால் பக்கத்திலேயே இன்னொன்று கிடந்தது. அதே உடைப்பு, அதே குங்குமம், அதே புழு. ஒரே ஒரு வித்தியாசம், இரண்டாவது பூசணிக்காயின் தோலில் மாநகராட்சியின் ஊதா முத்திரை வட்டமாக விழுந்திருந்தது.

முதலில் பார்த்தவள் சீனியம்மாள். மனையை ஒட்டிய புங்கை மரத்தடியில் பதினோரு வருஷமாக இஸ்திரி வண்டி போட்டிருப்பவள். பார்த்தாள், முந்தானையால் மூக்கைப் பொத்தினாள், மனைக்குப் பக்கத்து டீச்சர் வீட்டுச் சேலையின் மிச்ச மடிப்பைத் தேய்க்கத் தொடங்கினாள். மாநகராட்சி சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருக்கிறது, அவ்வளவுதானே. அதுதான் கொஞ்சம் புதுசு, மற்றபடி ஆச்சரியப்பட என்ன இருக்கிறது என்றுதான் அவள் நினைத்தாள்.

அந்தச் சொல் கொடுக்கப்பட்டது முந்தின வாரம். குடியிருப்போர் நலச் சங்கத் தலைவர் தனுஷ்கோடியின் வீட்டு வாசலில் பந்தல் போட்டு, நாற்காலி போட்டு, கேசரியும் காராபூந்தியும் கொடுத்துக் கூட்டம் நடந்தது. மாநகராட்சி உதவிப் பொறியாளர் நஸ்ரின், கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே, சரிபாதித் திட்டம் என்பதை வாசித்துக் காட்டினார்.

"இந்தக் காலிமனைய மேம்படுத்த நீங்க என்ன போடுறீங்களோ, அதே அளவு மாநகராட்சியும் போடும். பணமாத்தான் போடணும்னு இல்ல, பொருளாப் போடலாம், உழைப்பாவும் போடலாம். ஒண்ணே ஒண்ணு, மனைக்குள்ள போட்டது பொதுச்சொத்து. திருப்பி எடுக்க முடியாது."

என்ன கட்டலாம் என்று பேச்சு வந்தபோது, நாற்காலி வரிசைக்குப் பின்னால் நின்றிருந்த சீனியம்மாள் கையைத் தூக்கினாள். சங்கத்தில் அவளுக்கு இடமில்லை, அந்தத் தெருவில் அவளுக்கு வீடும் இல்லை. ஆனாலும் கையைத் தூக்கினாள்.

"ஒரு கக்கூசு கட்டுனா நல்லாருக்கும் சார். நான் மட்டும் இல்ல, வீட்டு வேலைக்கு வர்ற பொம்பளைக ஏழெட்டுப் பேரு இருக்கோம், தெருக் கூட்டுற பிள்ளைக இருக்காக. காலைல எட்டு மணியிலருந்து சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் அடக்கிக்கிட்டே நிக்கிறோம்."

பந்தலே மூக்கைச் சுளித்தது. காராபூந்தியை வாயில் போடப்போன கைகள் அப்படியே நின்றன.

"தின்னுக்கிட்டு இருக்கும்போது என்ன பேச்சு சீனி இது?" என்றார் ஞானசௌந்தரி டீச்சர். "நம்ம தெரு மொகப்புல கக்கூசா? நாலு பேரு வந்து போற எடம்."

இந்த டீச்சர் வீட்டுக் கொல்லைக் கழிப்பறைக்கு ஒரே ஒரு தடவை, வயிற்றுப்போக்கு வந்த அன்றைக்கு, சீனியம்மாள் போயிருக்கிறாள். அவள் வெளியே வந்து கேட்டைத் தாண்டுவதற்குள் பின்னால் ஒரு முழு பாட்டில் பினாயில் களக்களக்கென்று கவிழும் சத்தம் கேட்டது. அவள் காதில் விழட்டும் என்றுதான் கவிழ்த்தார்கள். அந்தத் தெருவின் முப்பத்திரண்டு வீட்டுச் சட்டைக் காலரிலும் படிந்த அழுக்கு சீனியம்மாளுக்குத் தெரியும். எந்த வீட்டு அக்குளில் உப்புப் பூக்கும், எந்த வீட்டுப் படுக்கை விரிப்பில் என்ன கறை, எந்த வீட்டுப் பெரிய மனிதரின் வேட்டியில் எந்த இடம் மஞ்சள் என்று அத்தனையும் தெரியும். சூடு பட்டதும் ஆவியாகக் கிளம்பும் அந்த வாடையைப் பதினோரு வருஷமாக முகத்துக்கு நேராக வாங்குகிறாள். ஒரு நாள் முகம் சுளித்ததில்லை. அவளுக்கும் ஒரு மூத்திரப்பை உண்டு என்று சொன்னதும் அவர்களுக்குக் குமட்டிவிட்டது.

அடக்குவதற்கு அவள் கண்ட வழி தண்ணீர் குடிக்காமல் இருப்பது. கரி கனலும் பெட்டிக்குப் பக்கத்தில், சித்திரை வெயிலில், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ள, ஒரு வாய் தண்ணீர் இல்லாமல் பத்து மணி நேரம் நிற்பாள். இரண்டு தடவை நீர்க்கடுப்பு வந்து ரத்தமாகப் போனது. பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா ஸ்கேனைப் பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு வருஷம் இப்படியே இருந்தீங்கன்னா கிட்னி போயிரும், அப்புறம் என்கிட்ட வராதீங்க" என்று சொல்லி அனுப்பியிருந்தார். அதைக் கூட்டத்தில் சொல்லலாம் என்றுதான் சீனியம்மாள் வந்திருந்தாள், சொல்ல விடவில்லை.

தனுஷ்கோடி டைல்ஸ் கடைக்காரர். எதையும் பளபளப்பாகப் பார்க்கிறவர். அவர் எழுந்து, தெருமுனையில் நாற்பதடி உயரத்தில் ஒரு வரவேற்பு வளைவு, அதன் இரண்டு தூணிலும் கொடுத்தவர்கள் பெயர் பொன் எழுத்தில் என்றார். கைதட்டல் அடங்க நேரமானது. எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள், கேசரியைத் துடைத்துச் சாப்பிட்டார்கள், வீட்டுக்குப் போய் அடுத்தவன் முதலில் போடட்டும் என்று காத்திருந்தார்கள்.

ஆனால் மனையில் போடுவது நிற்கவில்லை. ஊசிப்போன சாம்பாரை, கோழிக் குடலை, மீன் செதிளை, சீப்பில் சுற்றிய மயிர்க் கற்றையை, நியூஸ்பேப்பரில் பொதிந்து ரத்தம் கசியும் பொட்டலத்தை, பிள்ளை பேண்ட டயப்பரை, கிழவர் துப்பிய சளிப் படிக்கத்தின் கழுவுநீரை, எத்தனையோ வருஷமாக எப்படிப் போட்டார்களோ அப்படியே மாடியிலிருந்தும் கேட்டிலிருந்தும் ஓடும் ஸ்கூட்டரிலிருந்தும் வீசினார்கள். வீசியது எதுவோ அதை மறு வேலைநாள் காலை பத்தே முக்காலுக்கு மாநகராட்சியும் போட்டது. குடலுக்குக் குடல், டயப்பருக்கு டயப்பர், ஒன்று விடாமல் ஊதா முத்திரையோடு போட்டது. லாரி வரவில்லை, ஆள் வரவில்லை. பத்து நாற்பத்துநாலுக்கு இல்லாதது பத்தே முக்காலுக்கு இருந்தது. ஞாயிற்றுக்கிழமையும் இரண்டாம் சனிக்கிழமையும் அரசு விடுமுறையும் கிடையாது. பொங்கலுக்கு ஐந்து நாள் விடுமுறை வந்தபோது ஐந்து நாள் பங்கும் சேர்ந்து ஆறாம் நாள் மொத்தமாக விழுந்ததில் டீச்சர் வீட்டுக் காம்பவுண்டுச் சுவரே சரிந்தது.

தெரு பழகிக்கொண்டது. பத்தே முக்காலுக்கு ஜன்னல் சாத்த வேண்டும் என்பது பால் காய்ச்சுவது மாதிரி ஒரு வேலையாகிவிட்டது. பெண் பார்க்க வருகிறவர்களைப் பத்து மணிக்குள் வந்து போகச் சொன்னார்கள். ஊதுபத்திக் கடைக்காரருக்கு நல்ல வியாபாரம். நம்முடைய குப்பை அன்றன்றைக்குப் புதுசு, மாநகராட்சியின் குப்பை ஒரு நாள் பழசாக வருகிறது, இது பாரபட்சம் என்று முப்பத்திரண்டு பேர் கையெழுத்திட்ட மனு ஒன்று போனது. இத்தனைக்கும் போடாமல் இருந்தால் வராது என்பது எல்லாருக்கும் தெரியும். சீனியம்மாள் அதை டீச்சரிடம் வாய்விட்டே கேட்டாள்.

"அதெப்படி? நாம போடாட்டி அவங்க பங்கு அவங்களுக்கே மிச்சமாப் போயிருமே," என்றார் டீச்சர். "உரிமைய விட்டுக் குடுக்கக் கூடாது சீனி." சொல்லிவிட்டு, அன்றைக்கு இரண்டு பை கூடுதலாகவே போட்டார்.

நல்ல பொருளைப் போட்டால் என்ன என்று யாருக்கும் தோன்றவில்லை என்று நினைக்க வேண்டாம். தனுஷ்கோடிக்குத் தோன்றியது. புது பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து மனையில் போட்டார். மறுநாள் இரண்டு நாற்காலி. வாயெல்லாம் பல்லாக இரண்டையும் வீட்டுக்குத் தூக்கிப் போனார், மனைக்குள் நகர்ந்தவை எல்லைக்கு வந்ததும் அசையவில்லை. நான்கு பேர் சேர்ந்து இழுத்தார்கள், கயிறு கட்டி ஆட்டோவில் பூட்டி இழுத்தார்கள், ஆட்டோவின் பம்பர்தான் கையோடு வந்தது. போட்டது பொதுவுக்குப் போய்விட்டது. அன்று மதியம் முத்திரை நாற்காலியில் உட்கார்ந்து சீனியம்மாள் தூக்குவாளியைத் திறந்து சாப்பிட்டாள். அதைப் பார்த்த தனுஷ்கோடிக்கு வயிறு எரிந்தது. 'கண்டவளும் உக்கார்றதுக்கா நான் வாங்கிப் போட்டேன்?' என்று தெரு முழுக்கச் சொன்னார், தெருவுக்கும் அது நியாயமாகவே பட்டது. ஒன்று போட்டால் இரண்டாகும் என்று கண்ணால் கண்டும், அதன்பிறகு ஒரு செங்கல்கூட ஒருவரும் போடவில்லை. பொதுவுக்குக் கொடுப்பதற்குக் குப்பையைத் தவிர அவர்களிடம் ஒன்றுமில்லை. எத்தனை கேவலமான தெரு அது.

சீனியம்மாள் அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே யோசித்தாள். பதினான்காம் நம்பர் வீட்டில் பழைய சுவரை இடித்துக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரியிடம் கேட்டு, முனை உடையாத செங்கல்லாகப் பார்த்து ஒன்றை எடுத்து மனைக்குள் வைத்தாள். மறுநாள் இரண்டு. ஒரு மூலைக் குப்பையை மனை நடுவுக்குத் தள்ளி வழித்துச் சுத்தம் செய்தாள், மறுநாள் பத்தே முக்காலுக்கு அதே அளவு இன்னொரு மூலை தானாகச் சுத்தமானது. உழைப்பும் பங்குதான் என்பது அப்போது அவளுக்கு உறைத்தது.

அதற்குப்பின் துணி குறைவான மதிய நேரமெல்லாம் அந்த மூலைக்குத்தான் போனது. ஒரு நாள் பத்துச் செங்கல், ஒரு நாள் சட்டி மணல், ஒரு நாள் மேஸ்திரி மிச்சம் விட்ட அரை மூட்டை சிமெண்ட். அவள் ஒரு வரிசை வைத்துப் பூசுவாள், மறுநாள் அதன்மேல் முத்திரை குத்திய வரிசை ஒன்று ஏறியிருக்கும். அவள் ஒரு முழம் பள்ளம் தோண்டினால் மாநகராட்சியும் ஒரு முழம் தோண்டியது. மனையின் ஓரத்திலேயே பாதாளச் சாக்கடை போனதால் குழாய்க்கு அலைய வேண்டியிருக்கவில்லை. காய்ச்சலோடு ஒரு நாள் பின்சுவரில் வைத்த வரிசைக்குச் சிமெண்ட் பற்றவில்லை. மறுநாள் மாநகராட்சி வைத்ததற்கும் அதே அளவுதான் பற்றவில்லை. அவ்வளவு சரியாகச் சரிபாதி.

தெரு இதைக் கவனிக்காமல் இல்லை. ஒன்று விட்டு ஒரு வரிசையில் முத்திரையைப் பார்த்த தனுஷ்கோடி, மாநகராட்சி வளைவுக்கு அடித்தளம் போட ஆரம்பித்துவிட்டது என்று முடிவு கட்டினார். தெருக்காரர்கள் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துப் போட்டார்கள். இஸ்திரிக்காரி ஏன் அங்கே சிமெண்ட் குழைக்கிறாள் என்று யாரும் கேட்கவில்லை. வேலை செய்கிற பொம்பளை வேலை செய்கிறாள், அதில் பார்க்க என்ன இருக்கிறது. பழைய வீட்டில் கழற்றிப் போட்ட கக்கூசு பேசின் ஒன்றையும் தகரக் கதவு ஒன்றையும் அவள் கொண்டுவந்து வைத்து, மறுநாள் பேசின் இரண்டும் கதவு இரண்டுமாகி, ஒரு கதவு வாசலுக்கும் ஒரு கதவு நடுத்தடுப்புக்குமாக அவள் நிறுத்திய பிறகுதான், தாங்கள் போட்டோ எடுத்துக்கொண்டது எதன் முன்னால் என்று தெருவுக்குப் புரிந்தது.

கத்தினார்கள். இடிக்க வேண்டும் என்றார்கள். தனுஷ்கோடி மட்டும் சுவரைத் தடவிப் பார்த்து, மறுநாளே மனசு மாறிவிட்டார். வளைவுக்குச் செதுக்கி வைத்த பெயர்க் கல் கடையில் சும்மா கிடக்கிறதே. தலைப்பை மட்டும் 'பொதுமக்கள் பங்களிப்புடன் கூடிய சுகாதார வளாகம்' என்று மாற்றி, கீழே முப்பத்திரண்டு பெயரையும் அப்படியே வைத்து, கருங்கல்லை வாசலுக்கு இடதுபக்கம் பதித்தார். மறுநாள் வலதுபக்கம் முத்திரையோடு அதே கல், அதே முப்பத்திரண்டு பெயர். சீனியம்மாள் இரண்டு கல்லையும் இரண்டு தடவை படித்தாள். தன் பெயரைத் தேடவில்லை என்று சொன்னால் அது பொய். போகட்டும், பெயரை வைத்தா கழுவப் போகிறோம், உள்ளே போக விட்டால் போதும் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

ரிப்பன் வெட்டினார்கள், லட்டு கொடுத்தார்கள். டீச்சர் பெண்களின் சுகாதாரம் பற்றிக் கால் மணி நேரம் பேசினார். கூட்டம் கலைந்ததும் தனுஷ்கோடி வாசல் கதவில் ஒரு பெரிய பூட்டைப் போட்டு, சாவியைச் சட்டைப்பையில் வைத்தார். அந்தச் சட்டை காலையில் சீனியம்மாள் தேய்த்துக் கொடுத்தது.

"சார், பூட்டிட்டீகளே?"

"பின்ன? தெறந்து போட்டா கண்டவங்க வந்து அசிங்கம் பண்ணிருவாங்கம்மா. பேரு போட்டிருக்கோம்ல. எங்க பேருக்குப் பக்கத்துல எவளாவது..." என்று நிறுத்தி, மூக்கைச் சுளித்தார்.

மறுநாள் பத்தே முக்காலுக்கு அந்தப் பூட்டின் கீழே இன்னொரு பூட்டு தொங்கியது. ஊதா முத்திரை போட்ட பூட்டு. அதற்குச் சாவி யாரிடமும் இல்லை. தனுஷ்கோடியின் பூட்டும் அதன் பிறகு அவர் சாவிக்கே அசையவில்லை, போட்டதைத் திருப்பி எடுக்க முடியாதே. தெரு அதற்கும் வருத்தப்படவில்லை. இப்போதுதான் பத்திரமாக இருக்கிறது என்று நிம்மதியாகக் குப்பை போடப் போனது.

நஸ்ரின் வந்து பார்த்து, கோப்பில் 'பணி நிறைவுற்றது' என்று எழுதினார்.

"என்னம்மா இது, நெறஞ்சுச்சுங்கிறீக? யாரும் உள்ள போக முடியலையே," என்றாள் சீனியம்மாள்.

"பூட்டும் அவங்க போட்ட பங்குதான்மா. திட்டத்துல அப்படித்தான் இருக்கு. பொருளோ உழைப்போ, நல்லதோ கெட்டதோ, போட்டா சரிபாதி வரும். அதுக்கு மேல எனக்கு அதிகாரம் இல்ல." நஸ்ரின் கோப்பை மூடினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நானே காலைல ஏழு மணிக்குக் கெளம்புனவம்மா. இன்னும் போகல," என்று சொல்லி, கால்களைச் சேர்த்து வைத்து, மெல்ல நடந்து வண்டிக்குப் போனார்.

அன்று மதியம் சீனியம்மாளுக்கு அடிவயிற்றில் கத்தி சொருகினாற்போல வலி வந்தது. மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டாக்டரம்மா சொன்ன ஒரு வருஷத்தில் எட்டு மாசம் முடிந்திருந்தது. வலி கொஞ்சம் விட்டதும் இஸ்திரிப் பெட்டியைத் திறந்து கரியை மண்ணில் கொட்டினாள். ஏழு கிலோ பித்தளை. அதைத் தூக்கிக்கொண்டு கட்டிடத்தின் பின்பக்கம் போனாள். எந்த வரிசை எந்த நாளில் வைத்தது என்று அவளுக்குத் தெரியாதா? காய்ச்சலில் வைத்த வரிசைக்கு நேராக நின்று, ஓங்கி அடித்தாள். மொத்தம் இருபது அடி. செங்கல் உள்ளே தள்ளிச் சரிந்து, இடுப்புயரத்துக்கு, அரை ஆள் நுழையும் ஓட்டை விழுந்தது. எதையும் அவள் மனையிலிருந்து எடுக்கவில்லை, உழைப்பைத்தான் போட்டாள். போட்டுவிட்டு, பெட்டியில் மறுபடி கரி அள்ளிப்போட்டு, மிச்சத் துணியைத் தேய்த்து முடித்து, அடக்கிக்கொண்டே வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலை பத்தே முக்காலுக்குப் பின்சுவரில் தொம் தொம்மென்று இருபது அடி விழுந்தது. அடிக்கிற கை இல்லை, அடி மட்டும் இருந்தது. சத்தம் ஓய்ந்தபோது ஒரு முழு ஆள் குனியாமல் நுழையும் வாசல் அங்கே இருந்தது. சுற்றிலும் உடைந்த செங்கலில் ஊதா முத்திரை ஈரம் காயாமல் மின்னியது.

சீனியம்மாள் வாளியில் தண்ணீரோடு உள்ளே போனாள்.

சத்தம் கேட்டுத் தெருவே கூடிவிட்டது. பின்பக்கம் போய்ப் பார்த்தவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு முன்பக்கம் ஓடிவந்தார்கள். பத்தே முக்கால் மணிக் குப்பை அப்போதுதான் விழுந்து ஆவி பறந்துகொண்டிருந்தது, அதற்குப் பிடிக்காத மூக்கை இதற்குப் பிடித்தார்கள். பெயர்க் கல்லுக்கு முன்னால் நின்று, பொதுச்சொத்தைச் சேதப்படுத்திவிட்டாள், போலீசுக்குப் போக வேண்டும் என்று தனுஷ்கோடி தொண்டை கிழியக் கத்தினார். "எங்க பேரு இருக்குற எடத்துல போயி இருந்துட்டு வர்றாளே, ச்சீ, என்ன பொறப்போ," என்றார் டீச்சர்.

சீனியம்மாள் கையைக் கழுவிக்கொண்டு, சுவரைச் சுற்றி நிதானமாக வந்தாள். பதினோரு வருஷத்தில் முதல்முறையாகப் பட்டப்பகலில், யார் வீட்டுக் கேட்டையும் தாண்டாமல், வயிறு லேசாக இருந்தது. கூட்டம் ஒதுங்கி வழிவிட்டது, மரியாதையால் இல்லை, மேலே பட்டுவிடக் கூடாதே என்று. அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். எல்லாம் அவள் தேய்த்த காலர்கள். இடதுபக்கக் கல்லின் முன்னால் போய் நின்றாள். பதினோரு வருஷம் சுளிக்காத முகத்தைச் சுளித்து, தொண்டையிலிருந்து காறி எடுத்து, முப்பத்திரண்டு பெயரும் நனையத் துப்பினாள்.

தனுஷ்கோடி பாய்ந்து வந்து கைக்குட்டையால் துடைத்தார். போகவில்லை. வேட்டி நுனியால் அழுத்தித் துடைத்தார். போகவே இல்லை. மனைக்குள் போட்டதை யார் எடுக்க முடியும்?

"விடுங்க சார், கை வலிக்கப் போகுது," என்றாள் சீனியம்மாள். "அது எம் பங்கு. வலதுபக்கக் கல்லுக்கு நாளைக்குப் பத்தே முக்காலுக்கு வரும்."

அப்போதே சிலர் வீட்டுக்குள் போய், நாளை அரசு விடுமுறையா என்று காலண்டரைப் பார்த்தார்கள். விடுமுறை இல்லை. சீனியம்மாள் வண்டிக்குத் திரும்பி, பின்வாசலுக்குப் போகும் வீட்டு வேலைப் பெண்களுக்குக் குடிக்க நீட்டியது போக மிச்சமிருந்த ஒரு செம்புத் தண்ணீரை அண்ணாந்து, மணி பார்க்காமல், கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள்.